செய்ததைச் சொல்லி நினைப்போம்



தொழில்நுட்பத் துறையில் பெரும்புகழ் பெற்ற ஒருவர் மறைந்த பிறகு அவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பொதுப்படப் பேசினால் நல்ல வார்த்தைகளாகவே அடுக்கிவிட்டு இறங்கிவிடலாம். அதில் எனக்கு விருப்பமில்லை. நடந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறேன். 2011 அக்டோபர் மாதம்.

அந்த மாதம் 5ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார். வயது 56. ஆப்பிள் கடைகளின் வாசலில் மக்கள் பூக்களையும் மெழுகுவத்திகளையும் வைத்தார்கள். ஒரு கடி கடித்த ஆப்பிள் பழங்களைக்கூட வைத்துவிட்டுப் போனார்கள். கலிஃபோர்னியா ஆளுநர் அக்டோபர் 16ஐ ‘ஸ்டீவ் ஜாப்ஸ் நாள்’ என்று அறிவித்தார். அதே மாதம் 12ஆம் தேதி, நியூ ஜெர்சியில் பெர்க்லி ஹைட்ஸ் என்ற ஊரில் தனியாக வாழ்ந்துவந்த டென்னிஸ் ரிட்சி தம் வீட்டில் இறந்துகிடந்தது தெரியவந்தது. வயது 70. பெல் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த ராப் பைக் சொல்லித்தான் உலகுக்கே செய்தி தெரிந்தது. 24ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தி மறைந்தார். செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்குப் பெயர் வைத்தவர், லிஸ்ப் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர். மூன்று வாரத்துக்குள் மூன்று சாவு. முதல் சாவுக்கு உலகமே அழுதது. மற்ற இரண்டும் துறைக்காரர்கள் வீட்டுத் துக்கமாகவே முடிந்துபோயின.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு அப்போது கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ரிட்சி என்ன செய்தார் என்று பாருங்கள். 1967இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து அந்த ஆய்வகம் 1969இல் விலகியபோது, அதில் வேலை செய்தவர்கள் கையில் நல்ல கணினிகூட இல்லை. கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் சிறிய இயங்குதளம் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் யூனிக்ஸ். ரிட்சி அதில் தோளோடு தோள் நின்றார். பிறகு, பெரும்பகுதி 1972இல், சி மொழியை வடித்தெடுத்தார். 1973இல் யூனிக்ஸ் அந்த மொழியிலேயே திரும்ப எழுதப்பட்டது. அதுவரை இயங்குதளம் என்பது ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தோடு பிறந்து அந்த இயந்திரத்தோடு மடிகிற பொருளாகவே பெரும்பாலும் இருந்தது. சி மொழியில் எழுதியதால் யூனிக்ஸ் இயந்திரம் விட்டு இயந்திரம் தாவியது. ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறிய பின் நடத்திய நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளம் யூனிக்ஸ் மரபில் வந்தது. நெக்ஸ்டை ஆப்பிள் வாங்கியபோது அது ஆப்பிளுக்குள் வந்தது. பிறகு ஐபோனுக்குள்ளும் போனது. ஜாப்ஸ் மேடையில் தூக்கிக் காட்டிய கருவியின் அடித்தளத்தில் ரிட்சியின் உழைப்பு இருந்தது.

ஆனால் இந்தக் கோபத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஜாப்ஸ் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் ரிட்சி படத்தை மாட்டினால் நினைவு சரியாகிவிடாது. சி மொழிக்கு முன்னால் தாம்சனின் பி மொழி இருந்தது. பி மொழிக்கு முன்னால் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் இருந்தது. யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் குழாய்போல் செலுத்தும் வழியை வற்புறுத்திக் கொண்டுவந்தவர் டக் மெக்கில்ராய். பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, 1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தொலைபேசித் தொழிலைத் தாண்டி வியாபாரம் செய்யக் கூடாது. அதனால்தான் யூனிக்ஸ் குறைந்த கட்டணத்தில், மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. ஒரு வழக்கில் எழுதப்பட்ட நிபந்தனை இல்லாவிட்டால் யூனிக்ஸ் இந்த அளவுக்குப் பரவியிருக்குமா என்பதே சந்தேகம். தனி மனிதரின் மேதைமைக்குப் பக்கத்தில் சட்டத்தையும், நிறுவனத்தையும், சகாக்களையும் வைத்துப் பார்க்காத நினைவு அரைகுறையானது.

அப்படியானால் ஜாப்ஸ் என்னதான் செய்தார்? அவரை வெறுப்பவர்கள் ‘அவர் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை’ என்பார்கள். போற்றுபவர்கள் ‘கணினியைக் கண்டுபிடித்தவர்’ என்கிற அளவுக்குப் போவார்கள். இரண்டு பேருமே அருகில் போய்ப் பார்ப்பதில்லை.

1981இல் நடந்த ஒரு சம்பவத்தை, ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு எழுதிவைத்திருக்கிறார். திரையில் படம் வரையும் நிரல்தொகுப்பை எழுதிக்கொண்டிருந்தவர் பில் அட்கின்சன். வட்டம் வரைய வர்க்கமூலம் கணக்கிட வேண்டும். அன்றைய நுண்செயலியில் அது மிக மெதுவாக நடக்கும். அட்கின்சன் ஓர் உபாயம் கண்டார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் கிடைக்கும். ஒன்றும் மூன்றும் நான்கு. அதோடு ஐந்து சேர்த்தால் ஒன்பது. அதோடு ஏழு சேர்த்தால் பதினாறு. வெறும் கூட்டலிலேயே வட்டமும் நீள்வட்டமும் கண்மூடித் திறப்பதற்குள் திரையை நிறைத்தன. குழுவில் எல்லாரும் பிரமித்தார்கள். ஜாப்ஸ், இது சரி, மூலை வளைந்த செவ்வகம் வரைய முடியுமா என்று கேட்டார். அது கடினம், தேவையும் இல்லை என்றார் அட்கின்சன். ஜாப்ஸ் விடவில்லை. அறையில் இருந்த வெண்பலகை, மேசை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மூலை வளைந்த செவ்வகம் எங்கும் இருக்கிறது என்றார். பிறகு அவரைத் தெருவுக்கே அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் காட்டிக்கொண்டே நடந்தார். ‘வாகனம் நிறுத்தக் கூடாது’ என்ற பலகை வந்தபோது அட்கின்சன் ஒப்புக்கொண்டார். மறுநாள் பிற்பகல் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இன்று ஐபோனில் ஒவ்வொரு செயலியின் சின்னமும் மூலை வளைந்த சதுரத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சம்பவத்தில் யார் செய்தது என்ன என்பது தெளிவாகத் தெரிகிறது. வழியைக் கண்டவர் அட்கின்சன். வேண்டும் என்று கேட்டவர் ஜாப்ஸ். எது வேண்டும் என்று கேட்கத் தெரிவதும், கிடைக்கும்வரை விடாமல் கேட்பதும் ஒரு பெரிய திறமை. அதைச் சிறுமைப்படுத்த நான் இங்கே வரவில்லை. ஆனால் அது அட்கின்சனின் திறமையிலிருந்து வேறானது. அந்த இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டு மூடுகிறபோதுதான் நினைவு கெடுகிறது.

ஜாப்ஸ் இதை அறியாதவர் இல்லை. 1982 பிப்ரவரியில் மேக்கின்டாஷ் குழுவினர் ஒரு பெரிய தாளில் கையெழுத்திட்டார்கள். கலைஞர்கள் தங்கள் படைப்பில் கையெழுத்திடுவார்கள் என்பது ஜாப்ஸின் எண்ணம். அந்தக் கையெழுத்துகள் அச்சில் பதிக்கப்பட்டு, 1984 ஜனவரியில் வெளிவந்த கணினியின் பெட்டிக்கு உட்புறத்தில் புடைப்பெழுத்தாக அமைந்தன. பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். திறப்பதும் எளிதில்லை, அதற்கு நீண்ட கைப்பிடி கொண்ட தனித் திருகாணிச்சுற்றி வேண்டும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயர்களைப் பார்க்காமலே அந்தக் கணினியைப் பயன்படுத்தி முடித்திருப்பார்கள். குழுவின் பெயர்களைப் பதித்ததற்கு ஜாப்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே சமயம், பிற்காலத்தில் மேடையில் ஒரே ஒரு மனிதர் கருப்புச் சட்டையில் நிற்க, அந்தக் குழுவினரின் பெயர்கள் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டன. இன்று அந்தப் பெட்டியைத் திறந்து பெயர்களை வாசிப்பது நம் வேலை. கணினியின் மின்பலகையை வடிவமைத்த பர்ரல் ஸ்மித், சின்னங்களையும் எழுத்துருக்களையும் வரைந்த சூசன் கேர், அந்தத் திட்டத்தையே தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் ஆகியோரின் பெயர்களைப் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

ஜாப்ஸின் உடல் பாலோ ஆல்டோவில் உள்ள அல்டா மேசா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் அவர் பெயர் பொறித்த கல் இல்லை. ஒரு கல் நடுவதானால் அதில் என்ன எழுதுவது என்று நான் யோசித்ததுண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகல் ஒன்றில், எந்த ஊரில், எந்த ஆநிரைப் பூசலில் மாண்டவனுடைய கல் அது என்பது மட்டும் இருக்கிறது. ஊர், செயல், பெயர், அவ்வளவுதான். ‘உலகையே மாற்றியவன்’ என்று அதில் இல்லை. பிற்காலச் செங்கம் நடுகற்களும் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எதை மீட்டு இறந்தான் என்று வரிசையாகச் சொல்கின்றன. நம் முன்னோர் இறந்தவனைத் தெய்வமாக்கி வழிபட்டவர்கள்தான். ஆனால் வழிபடுகிற கல்லிலும் அவன் செய்த காரியத்தைத் துல்லியமாக எழுதினார்கள். அந்தத் துல்லியத்தைத்தான் நான் கேட்கிறேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். செத்தவரைப் பற்றிக் குறை பேசலாமா என்பீர்கள். துக்க வீட்டில் பேசக் கூடாது. மாலை போட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவதுதான் முறை. அந்த முறையை நான் மதிக்கிறேன். 2011 அக்டோபரிலேயே ஜாப்ஸின் சாவை வைத்து வாய்க்கு வந்தபடி எழுதியவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவருடைய கொள்கையை எதிர்க்க அவருடைய சவ ஊர்வலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே எதிர்த்திருக்கலாம். ஆனால் துக்கத்துக்கு ஒரு கால அளவு உண்டு. கருமாதி முடிந்து ஆண்டுகள் உருண்ட பிறகும் துக்க வீட்டுப் பேச்சையே வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பொய். குடும்ப விஷயங்களை நான் தொடப்போவதில்லை. அவர் மகள் லிசா பிரென்னன்-ஜாப்ஸ் தம் தந்தையைப் பற்றி 2018இல் தாமே ஒரு நூல் எழுதிவிட்டார். அதைச் சொல்லும் உரிமை அவருக்கே உரியது. பொது வாழ்க்கையில் பொதுமக்களைப் பாதித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது கூலி பற்றியது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி, இன்ட்யூட், பிக்ஸார் ஆகிய நிறுவனங்கள் ஒன்றின் ஊழியரை மற்றொன்று வலியப் போய் அழைப்பதில்லை என்று தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருந்ததாக அமெரிக்க நீதித்துறை 2010இல் நடவடிக்கை எடுத்தது. வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தால்தான் ஊழியரின் சம்பளம் உயரும். அந்த வழியை முதலாளிகள் கூடிப் பேசி அடைத்தார்கள். ஊழியர்கள் தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நான்கும் 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 64,000 பேர். இந்த ஏற்பாட்டில் ஜாப்ஸ் நேரடியாக எழுதிய மின்னஞ்சல்கள் வழக்கு ஆவணங்களில் இருக்கின்றன. மூலை வளைந்த செவ்வகம் வரைந்த அட்கின்சன் போன்றவர்களுக்குப் பின்வந்த தலைமுறைப் பொறியாளர்களின் கூலி இது. பெட்டிக்குள் கையெழுத்திட வைத்த அதே மனிதர்தான் இதையும் செய்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும்.

இரண்டாவது, கருவியைப் பூட்டிச் சேர்க்கும் கைகள். 2010இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் இளந்தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஓராண்டில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். அந்த ஆண்டு ஜூனில் ஒரு மேடையில் ஜாப்ஸிடம் இதுபற்றிக் கேட்டபோது, அது தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் இடமல்ல என்றார். அங்கே உணவகங்களும் திரையரங்குகளும் நீச்சல் குளங்களும் இருப்பதாகச் சொன்னார். அவருடைய உரைகளைத் தொகுத்துப் போடுகிறவர்கள் இந்தப் பதிலையும் சேர்த்தே போட வேண்டும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. அதே ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஆலையை நடத்துகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிமுறைப்படி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரியில் ஆலை மீண்டும் திறந்தது. ஜாப்ஸ் இறந்து பத்தாண்டு கழித்து நடந்ததற்கு அவரைப் பொறுப்பாக்குவது முறையாகாது. ஆனால் வடிவமைப்பவர் ஓரிடம், பூட்டுபவர் வேறிடம், பூட்டுபவருக்குப் பொறுப்பு இன்னொரு நிறுவனம் என்ற தொழில்முறை அவர் தலைமையில்தான் ஆப்பிளில் வேரூன்றியது. அவர் விட்டுச்சென்றவற்றில் இதுவும் ஒன்று. ஐபோனின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர், நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜாப்ஸ் பற்றித் தன்முன்னேற்ற நூல்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார், யாருக்கும் அடங்கவில்லை, கூட இருப்பவர்களைக் கடிந்துகொண்டே இருந்தார், அதனால் ஜெயித்தார். இந்த ‘அதனால்’ மிகவும் ஆபத்தானது. ரீட் கல்லூரியில் பட்டப்படிப்பை விட்டபின்பும் அவர் அங்கேயே தங்கி எழுத்தணிக் கலை வகுப்பில் போய் உட்கார்ந்தார் என்பதைச் சொல்வதில்லை. ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஆரம்பத்திலிருந்தே உழைத்த சில நண்பர்களுக்கு ஜாப்ஸ் பங்கு தர மறுக்க, அவரோடு சேர்ந்து ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் தம் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதையும் சொல்வதில்லை. நண்பர்களிடம் இவ்வளவு பெருந்தன்மையோடு நடந்த வாஸ்னியாக்கும் அதே நிறுவனத்தில்தான் ஜெயித்தார். சின்னஞ்சிறு நிறுவனம் தொடங்கும் நம் பிள்ளைகள் சிலர், நாலு பேர் முன்னால் ஊழியரைத் திட்டுவதைத் தலைமைப் பண்பு என்று நினைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். தவறாக நினைவில் வைத்த ஒரு மனிதரால் உயிரோடு இருப்பவர்களுக்கு வருகிற தீங்கு அது.

எப்படி நினைப்பது என்பதற்கு ரிட்சியே ஒரு வழி காட்டியிருக்கிறார். நிரல்மொழிகளின் வரலாறு பற்றி 1993இல் நடந்த மாநாட்டில் சி மொழி வளர்ந்த கதையை அவர் ஒரு கட்டுரையாகக் கொடுத்தார். தம் பெருமையைப் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவரோ ரிச்சர்ட்ஸிடமிருந்து வந்தது எது, தாம்சன் செய்தது எது, தாம் சேர்த்தது எது என்று பிரித்துப் பிரித்து எழுதினார். மொழியில் தங்கிவிட்ட கோணல்களையும் மறைக்கவில்லை. சில குறிகளின் முன்னுரிமை வரிசை தவறாக அமைந்துபோனதையும், அது ஏன் அப்படியே நின்றுவிட்டது என்பதையும் விளக்கினார். தம் படைப்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியவரை நாம் பொய்ப் புகழால் மூடினால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ரிட்சி ஹார்வர்டில் 1968இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதி முடித்தார். நூலாகக் கட்டிய பிரதியை நூலகத்தில் ஒப்படைக்காததால் பட்டம் பெறவில்லை. அவர் மறைந்த பிறகு குடும்பத்தாரின் முயற்சியால் ஒரு பிரதி கிடைத்து, கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதை 2020இல் வெளியிட்டது. அதே அருங்காட்சியகம் 2010இல் ஆப்பிளின் அனுமதியோடு அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் என்ற படம் வரையும் நிரலின் மூலத்தையும் வெளியிட்டது. பாஸ்கல் மொழியில் சுமார் 5,800 வரிகள், அதோடு அசெம்பிளி மொழியில் ஒரு பகுதி. 2023இல் ஆப்பிளின் லிசா என்ற கணினியின் மூல நிரலும் வெளிவந்தது. சிலைக்கும் தபால்தலைக்கும் நான் எதிரியல்ல. ஆனால் ஒரு நிரலாளரின் நினைவுச்சின்னம் அவர் எழுதிய நிரல்தான். அது பூட்டிக் கிடக்காமல் படிக்கக் கிடைக்க வேண்டும். நிறுவனங்கள் காலாவதியான தம் நிரல்களை இருட்டறையில் போட்டு வைக்காமல் இப்படி ஒப்படைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். இந்த நிரல்கள் எல்லாம் இணையத்தில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கின்றன. கணினித் துறை மாணவர்கள் இந்தப் பருவம் முடிவதற்குள் மேக்பெயின்ட் நிரலை ஒருமுறையாவது எடுத்து வாசியுங்கள். ஆசிரியர்கள் அதை வகுப்பில் வைத்து நடத்துங்கள்.